பச்சைப் புள்ளி வைத்த மிலிட்டரி

"ரேஷன்னா இன்னாடி, புழுங்கரிசியா, பாமாயிலா?" என்றாள் அனுஷா.

"மிலிட்டரி ரேஷன்டி. பிரான்ஸ் மிலிட்டரி. ஒரு சிப்பாய்க்கு ஒரு நாள் முழுக்க வேண்டியது இந்த ஒரு டப்பாவுல இருக்கு" என்றாள் இளவேனில்.

"ஒரு நாளைக்கா? எங்க கோலார் தங்கவயல்ல இதை டீ டைமுக்குத் தின்னுட்டு, டிபன் எங்கன்னு கேப்பாங்க."

இளவேனில் ஆபீஸில் வேலை பார்க்கும் கிஷோர் மூன்று மாத வேலையாகப் பிரான்சுக்குப் போய்விட்டு வந்திருந்தான். போகிறவர்கள் சாக்லேட் வாங்கி வருவார்கள், ஃபிரிட்ஜில் ஒட்டுகிற பொம்மை வாங்கி வருவார்கள். கிஷோர் ஏதோ ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கிறவனிடம் இந்த அட்டைப்பெட்டியைப் பிடித்து வந்து, "உலகத்துலயே ருசியான மிலிட்டரி சாப்பாடு இதுதானாம். இந்த மாசத்தோட தேதி முடியுது. உங்க அப்பா பட்டாளத்துல இருந்தவர்தானே, நீயே சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லு" என்று இளவேனில் தலையில் கட்டிவிட்டான்.

பெட்டிக்குள் பிஸ்கட், சாக்லேட், காபித்தூள், ஒரு ஸ்பூன், மடித்து விரிக்கிற குட்டித் தகர அடுப்பு, அதில் எரிக்க வெள்ளை வில்லைகள் என்று எல்லாம் இருந்தன. அதெல்லாம் சரி. பெரிய டின்தான் வில்லங்கம். மேலே இருந்த எழுத்தை இளவேனில் போனில் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தாள். பருப்பு என்று வந்தது. அதற்கு முன்னால் வாத்து என்று வந்தது.

அவர்கள் குடியிருந்தது பெங்களூர் மல்லேஸ்வரத்தில், சுந்தரமூர்த்தி வீட்டு இரண்டாம் மாடியில். சுந்தரமூர்த்தி ஏழு தலைமுறையாகச் சுத்த சைவம். அதை அவரே வாரம் ஒருமுறை சொல்லுவார், யாராவது மறந்துவிடப் போகிறார்களே என்று. இந்த வீடு கிடைப்பதற்கு முன் இளவேனில் ஒன்பது வீடு பார்த்திருந்தாள். ஒன்பது வாசலிலும் பேர் கேட்பதற்கு முன்னால் கேட்ட கேள்வி, "வெஜ்ஜா?" என்பதுதான். பத்தாவது வாசலில் அவள், "ஆமா அங்கிள், வெஜ்" என்று சொல்லிவிட்டாள். ஆரணியில் அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி வாசம் வரவில்லை என்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இருந்தாலும் சொல்லிவிட்டாள். ஆறு நிமிஷம் நடந்தால் மெட்ரோ. ஜன்னலைத் திறந்தால் வெயில். இதற்கு ஒரு பொய் சொல்லலாம்.

பதினொரு மாதமும் ஓடி, நாளையோடு அக்ரிமென்ட் முடிகிறது. புது அக்ரிமென்ட்டை அடித்து வைத்துக்கொண்டு, சுந்தரமூர்த்தி இரண்டு வாரமாகக் கையெழுத்துப் போடாமல் இழுத்துக்கொண்டிருந்தார். காரணம், குப்பைக்கூடையில் அகப்பட்ட ஒரு முட்டை ஓடு.

"காக்கா கொண்டாந்து போட்டிருக்கும் அங்கிள்" என்று அனுஷா கண் கொட்டாமல் சொன்னாள்.

"மூடி போட்ட கூடைக்குள்ளயா?"

"இந்த ஊர் காக்கா ரொம்ப ஷார்ப் அங்கிள்."

இதுதான் நிலவரம். இப்படி இருக்கிறபோது அந்த டின்னைத் திறக்கலாமா? கூடாதுதான். ஆனால் அன்று காலையிலேயே வீட்டுக்காரர்கள் இருவரும் ராஜாஜிநகரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள்.

"சாப்பிட்டு, தாம்பூலப் பை வாங்கி, நாலு பேரைக் குறை சொல்லிட்டு வர்றதுக்கு மூணு மணி ஆயிடும்" என்றாள் அனுஷா. "அதுவும் மொட்டை மாடில வச்சு சாப்பிட்டா வீட்டுக்குள்ள சாப்பிட்ட மாதிரி ஆகாது. மாடி ஆகாசத்துக்குச் சொந்தம்."

"யாருடி சொன்னது?"

"நான் சொல்றேன்."

அந்தச் சட்டத்தை நம்பி இருவரும் மாடிக்குப் போனார்கள். தண்ணீர்த் தொட்டி நிழலில் தகர அடுப்பை விரித்து, வெள்ளை வில்லை இரண்டைப் பற்றவைத்து, டின்னின் மூடியைக் கிழித்து மேலே வைத்தார்கள். பருப்பு மெல்ல முணுமுணுக்க ஆரம்பித்தது. வாசம் ஒன்றும் மோசமில்லை. இளவேனில் ஸ்பூனை உறையிலிருந்து எடுத்தாள்.

"யாரது, மாடியில கற்பூரம் ஏத்தறது?"

எரிகிற வாசம் பிடித்துப் படியேறி வந்த சுந்தரமூர்த்தியின் குரல். பின்னாலேயே அவர் தலை, பட்டுச்சட்டை, ஜரிகை வேட்டி எல்லாம் வரிசையாக மேலே வந்தன. மணி பன்னிரண்டரைகூட ஆகவில்லை.

"அங்கிள்! கல்யாணம்?" என்றாள் அனுஷா.

"கல்யாணமா அது? முதல் பந்திக்கு அடிதடி. ரெண்டாவது பந்தியில ஒருத்தன் எனக்குப் போட்ட இலையில உக்காந்துட்டான். மூணாவது பந்திக்கு சேர் பின்னால நின்னுக்கிட்டு, சாப்பிடறவன் வாயையே பார்த்துட்டிருக்கணுமாம். போதும்டா சாமின்னு கிளம்பி வந்துட்டோம். பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல." சொல்லிக்கொண்டே அடுப்பைப் பார்த்தார். வெள்ளை வில்லை, நீலச் சுடர். அதற்கு மேல் அவர் வேறொன்றையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றினார். குனிந்து சுடர்மேல் இரண்டு கையையும் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

பிரான்சு தேசத்து வாத்து ஒன்றுக்கு மல்லேஸ்வரத்தில் தீபாராதனை நடந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"என்ன பூஜை இது, டப்பா வச்சு?"

"பூஜை இல்ல அங்கிள், மிலிட்டரி" என்று அனுஷா உளறிவிட்டாள்.

சுந்தரமூர்த்தியின் முகம் அப்படியே நின்றது. பெங்களூரில் போர்டில் மிலிட்டரி ஹோட்டல் என்று எழுதியிருந்தால், உள்ளே சிப்பாய் யாரும் இருக்க மாட்டான். பிரியாணியும் தலைக்கறியும் கீமா உருண்டையும்தான் இருக்கும். சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போனால் எதிர் நடைபாதையில் நடப்பார்கள்.

"மிலிட்டரியா? என் வீட்டு மாடியிலயா?"

"ஹோட்டல் மிலிட்டரி இல்ல அங்கிள், நிஜ மிலிட்டரி. பிரான்ஸ்ல பட்டாளத்துக்குக் குடுக்கறது" என்றாள் இளவேனில். போச்சு, வீடு போச்சு, பதினோராவது வாசலுக்குப் போய் நிற்க வேண்டியதுதான் என்று ஓடியது அவள் மனசு.

அவர் அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கி, மேலே கீழே பக்கவாட்டில் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலையில் அவர் கட்டைவிரல் நின்றது. முகம் மலர்ந்தது.

"பச்சை!" என்றார். "பச்சைப் புள்ளி! வெஜ்!"

எட்டிப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பச்சை வட்டம். அதற்குள் இரண்டு அம்பு ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"அங்கிள், அது வந்து, வேற—"

"நீ இரும்மா. யாருக்குச் சொல்றே? முப்பத்தொரு வருஷம் ரேப்பர் அடிக்கிற பிரஸ்ல சூப்பர்வைசர் நான். பிஸ்கட், அப்பளம், மசாலாப் பொடி, எல்லாத்துக்கும் பச்சைப் புள்ளி வச்ச கை இது. ஒரு தரம் ஒரு பையன் சேமியா பாக்கெட்டுக்குச் சிவப்பு வச்சுட்டான். நாப்பதாயிரம் ரேப்பரையும் கிழிச்சுப் போடச் சொன்னேன். தெரியுமா?"

"இல்ல அங்கிள், இதுல கட்டம் இல்ல பாருங்க. நம்ம ஊர்ல கட்டத்துக்குள்ளதானே—"

"ஐரோப்பாவுல இங்க் விலை ஜாஸ்தி. கட்டத்தை விட்டுட்டான்." அதோடு அந்த வழக்கு முடிந்தது. படிப்பக்கம் திரும்பி ஒரு கூப்பாடு போட்டார். "லக்ஷ்மி! மேல வா! பிரான்ஸ் மிலிட்டரி முழுக்க வெஜிடேரியன்!"

"ஹௌதா?" என்று கீழேயிருந்து அவர் மனைவி அனந்தலக்ஷ்மியின் குரல் கன்னடத்தில் வந்தது.

"ஆமாங்கறேன்! வரும்போது எலுமிச்சங்காய் ஊறுகாயும் எடுத்துட்டு வா!"

அடுத்து டின்னுக்குக் குனிந்தார். "என்ன எழுதியிருக்கான்? கா… னார்ட். கானார்ட். கர்ட்! தயிர். அவன் ஸ்பெல்லிங் அப்படித்தான் கோணலா இருக்கும். அப்புறம் என்னமோ லெண்டில். பருப்பு. தயிரும் பருப்பும். ஏம்மா, இது மோர்க்குழம்பும்மா! பிரெஞ்சுக்காரன் மோர்க்குழம்பு!"

"அங்கிள், கொஞ்சம் பொறுங்க, நான் சொல்றதை—"

ஆனால் மூன்று பந்தி தவறவிட்ட மனிதர். இளவேனில் கையிலிருந்த ஸ்பூன் எப்போது அவர் கைக்குப் போனது என்றே தெரியவில்லை. ஒரு வாய் போட்டார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் போட்டார்.

"மீல் மேக்கர்!" என்றார். "எப்படி மெத்துனு வேக வச்சிருக்கான்! நம்ம வீட்ல போட்டா ரப்பர் மாதிரி இருக்கும். இது நாரு நாரா வருது பாரு."

இளவேனில் வாயைத் திறந்தாள். அனுஷா அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். "பேசாதே. அக்ரிமென்ட்."

"உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேன் பாருங்க" என்று மூன்றாவது வாயோடு சொன்னார் சுந்தரமூர்த்தி. "வெளிநாட்டு டப்பா வாங்கினாலும் புள்ளி பார்த்து வாங்கற பொண்ணுங்க. அந்த ஓடு காக்கா போட்டதுதான். லக்ஷ்மி! டிவி மேல இருக்கற அக்ரிமென்ட்டையும் எடுத்துக்கோ! இன்னிக்கே போட்டுடறேன் கையெழுத்து."

சொல்லியிருக்க வேண்டும், முதல் வாய்க்கு முன்னாலேயே. இப்போது மூன்று வாய் ஆகிவிட்டது. உள்ளே போன வாத்து இனி வெளியே வரப்போவதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, யாருக்கு என்ன லாபம் என்று இளவேனில் தனக்குத்தானே நியாயம் கட்டிக்கொண்டிருந்தாள்.

அனந்தலக்ஷ்மி ஒரு கையில் ஊறுகாய் பாட்டிலும் மற்றொரு கையில் அக்ரிமென்ட்டுமாக மேலே வந்தார். கல்யாணப் புடவை கலையவில்லை. பசியில் முகம்தான் கலைந்திருந்தது.

"என்னங்க, மிலிட்டரிங்கறீங்க. மிலிட்டரின்னா கறிதானே?"

"அது டூப்ளிகேட் மிலிட்டரி. இது ஒரிஜினல். புள்ளி பார்த்தாச்சு. எங்கே, ஆ காட்டு."

அவர் ஸ்பூன் நிறைய அள்ளினார். பருப்புக்கு நடுவில் நல்ல பெரிய துண்டு ஒன்று மேலே உட்கார்ந்திருந்தது. அனந்தலக்ஷ்மி சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்தார்.

போன மழைக்காலத்தில் இளவேனில் டெங்கு வந்து படுத்திருந்தபோது, எட்டு நாள் இரண்டு மாடி ஏறி ரசம் சாதம் கொண்டுவந்து கொடுத்தவர் இந்த மனுஷி. சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்து, சீரியல் கதையை ஒரு எபிசோட் விடாமல் சொல்லித் தலைவலியையும் சேர்த்துக் கொடுத்தவர். ஸ்பூன் நெருங்கியது.

"வாத்து!" என்று கத்தினாள் இளவேனில். "வாத்து அங்கிள்! வாத்து!"

ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. சுந்தரமூர்த்தி மெதுவாகத் திரும்பினார்.

"யாரைச் சொன்னே?"

"அங்கிள், வாத்து அங்கிள்…"

"என்னையா? அறுபத்தெட்டு வயசு ஆளைப் பார்த்து, பொண்டாட்டி முன்னால, வாத்துங்கறியா? ஏன் அதோட நிறுத்திட்டே? வாத்து மடையன்னு முழுசா சொல்லிடேன்!"

"ஐயோ, அது இல்ல—"

"பொண்டாட்டிக்கு ஊட்டி விட்டா வாத்தா? நாளைக்கே காலி பண்ணுங்க ரெண்டு பேரும். முட்டை ஓடுகூடப் பரவாயில்ல, மரியாதை இல்லாத ஜனங்களை வச்சுக்க முடியாது."

அனுஷா இளவேனில் காதருகே வந்தாள். "சூப்பர்டி. திட்டுனதாவே நினைச்சுக்கிட்டாரு. சாரி கேட்டுடு. ஒரே ஒரு சாரி, வீடு நமக்கு."

"ஆன்ட்டி வாயில போகப்போகுதுடி."

"அவங்களுக்கும் பிடிச்சா?"

சுந்தரமூர்த்தியும் அந்த ஒரு சாரியைத்தான் எதிர்பார்த்தார் போலிருக்கிறது. "மன்னிப்புக் கேளு. பெரிய மனசு பண்ணி விட்டுடறேன்" என்றார். கேட்டுவிடுவாள் என்ற நிச்சயத்தில் ஸ்பூனை மறுபடி மனைவி பக்கம் கொண்டுபோனார்.

இளவேனில் அந்த ஸ்பூனைப் பிடுங்கி டின்னுக்குள் போட்டாள்.

"உங்களைச் சொல்லல அங்கிள். அதைச் சொன்னேன். டப்பாவுக்குள்ள இருக்கறது வாத்து. குவாக் குவாக் வாத்து. கானார்னா அவங்க ஊர்ல அதுதான். அந்தப் பச்சை வட்டம் வெஜ் இல்ல, காலி டப்பாவை மறுசுழற்சி பண்றதுக்குக் கம்பெனி பணம் கட்டியிருக்குங்கற அடையாளம். நானும் வெஜ் இல்ல. வீடு வேணும்னு சொன்ன பொய்." மூச்சு வாங்கியது. "சொல்ல வந்தேன், நீங்க விடல. நான் இன்னும் சத்தமா சொல்லியிருக்கணும். அது என் தப்பு."

அடுப்பில் பருப்பு இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"அந்தக் காக்கா நான்தான் அங்கிள்" என்றாள் அனுஷா, கேட்காமலேயே.

இளவேனில் போனை நீட்டினாள். திரையில் டப்பாவில் இருந்த அதே எழுத்து, கீழே ஒரு கொழுத்த வாத்து. சுந்தரமூர்த்தி வாத்தைப் பார்த்தார். வாத்தும் அவரைப் பார்த்தது. பிறகு அவர் தொட்டிக் குழாய்க்கு ஓடின ஓட்டத்தில் ஜரிகை வேட்டி பாதி அவிழ்ந்தது.

"ஏழு தலைமுறை!" என்று கொப்பளித்துத் துப்பினார். "ஏழு… தலைமுறை!" மறுபடி கொப்பளித்தார். "வெளிய போங்க! சொன்ன பொய்க்கே உங்களை… அக்ரிமென்ட் ஒன்பதாவது கண்டிஷன், பழசுலயும் அதேதான்! லக்ஷ்மி, படி அதை! சத்தமா படி!"

அனந்தலக்ஷ்மி ஊறுகாய் பாட்டிலைத் தொட்டித் திட்டில் வைத்தார். அக்ரிமென்ட்டைப் பிரித்து, விரலால் வரியைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி படித்தார்.

"நோ பர்சன் ஷல் குக் ஆர் கன்ஸ்யூம் நான்-வெஜிடேரியன் ஃபுட் இன் த பில்டிங். மீறினா பதினஞ்சு நாளைக்குள்ள காலி பண்ணணும்." நிமிர்ந்தார். "பர்சன்னா யாரு?"

"பர்சன்னா டெனன்ட்."

"டெனன்ட்னு போடலியே. பர்சன்னுதானே போட்டிருக்கீங்க."

"ஒரு கெத்தா இருக்கட்டும்னு பொதுவா போட்டேன்."

"பொதுவா போட்டா பொதுவாத்தான் வரும்." அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ஏம்மா வேனில், நீங்க ரெண்டு பேரும் வாயில வச்சீங்களா?"

"இல்ல ஆன்ட்டி. ஸ்பூனை எடுத்தேன், அங்கிள் வாங்கிக்கிட்டார்."

"ஆக, இந்த பில்டிங்ல கன்ஸ்யூம் பண்ணின பர்சன் ஒருத்தர்தான்."

"சமைச்சாங்களே!" என்று ஈர மீசையோடு கத்தினார் சுந்தரமூர்த்தி. "குக்னு இருக்கு பாரு! குக்!"

"சுட வச்சாங்க. சமைச்சவன் பிரான்ஸ்ல இருக்கான். அவனை வேணும்னா காலி பண்ணச் சொல்லுங்க."

"நான் ஓனர்டி!"

"ஏன், ஓனர் பர்சன் இல்லையா?"

சுந்தரமூர்த்தி வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டார். அனந்தலக்ஷ்மி விடவில்லை.

"சரி, இவங்களைத் துரத்துங்க. அடுத்த வீட்டுக்காரன் கேப்பான், ஏன் காலி பண்ணீங்கன்னு. இந்தப் பொண்ணு நிஜத்தைச் சொல்ல ஆரம்பிச்சுட்டா, இப்பத்தான் பார்த்தோமே. ஓனர் எங்க வாத்தைத் தின்னுட்டார்னு சொல்லுவா. மல்லேஸ்வரம் பூரா பேசும். மீல் மேக்கர்னு நினைச்சு தின்னார்னும் சேர்த்துச் சொல்லுவா. எது ரொம்பக் கேவலம்னு நீங்களே யோசிச்சுக்கோங்க."

சுந்தரமூர்த்தி யோசித்தார். வருஷக்கணக்காகப் பச்சைப் புள்ளி வைத்தவருக்கு எது அதிகக் கேவலம் என்பது முகத்திலேயே தெரிந்தது. வாத்துகூட இல்லை. அந்த வட்டம்தான்.

"பேனா இருக்கா?" என்றார் யாரையும் பார்க்காமல்.

அனுஷா ஓடிப்போய் எடுத்து வந்தாள். அவர் அக்ரிமென்ட்டைத் தொட்டித் திட்டில் பரப்பினார். ஒன்பதாவது கண்டிஷன் மேல் ஸ்கேல் வைத்ததுபோல் நேராக ஒரு கோடு இழுத்தார். பிரஸ் ஆளுக்கே உரிய சுத்தத்தோடு ஓரத்தில் அழிப்புச் சுழி போட்டு, பக்கத்தில் இனிஷியல் வைத்தார். "நீயும் போடு" என்று இளவேனிலிடம் தள்ளினார். அவள் போட்டாள். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, இரண்டு வாரமாகப் போடாத கையெழுத்தை ஒரே இழுப்பில் போட்டார்.

"வாசம் கீழ வரக்கூடாது" என்றார்.

"வராது அங்கிள்."

"ஏன் அடிச்சேன்னு எழுத்துல எதுவும் கிடையாது. யாரும் எதுவும் பார்க்கல."

"எதுவும் பார்க்கல அங்கிள்" என்றாள் அனுஷா. "கற்பூரம் ஏத்தினோம், நீங்க கும்பிட்டீங்க, அவ்ளோதான்."

அவர் அவளை முறைத்துவிட்டு, தலைமுழுகப் படியிறங்கிப் போனார். கீழே பாத்ரூம் கதவு சாத்துகிற சத்தமும், பக்கெட் நிரம்புகிற சத்தமும், "ஏழு தலைமுறை" என்கிற சத்தமும் கேட்டன.

அனந்தலக்ஷ்மி மட்டும் போகவில்லை. டின்னை எட்டிப் பார்க்காமல், பார்க்கிற மாதிரி நின்றார்.

"நீ அந்த நேரத்துக்குக் கத்தலைன்னா நானும் முழுங்கியிருப்பேன்" என்றார்.

"லேட்டா கத்திட்டேன் ஆன்ட்டி. அவருக்கு…"

"அவருக்குத் தலைக்கு ஊத்தினா சரியாயிடும். யார் சொன்னாலும் கேக்காத காதுக்கு என்ன பண்றது, நாப்பது வருஷமா நானும்தான் பார்க்கறேன்." ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டார். "அது சரி, நீ இன்னும் ருசியே பார்க்கலியே?"

"வேண்டாம் ஆன்ட்டி. இப்ப போய் எப்படி?"

"ஏன்? கண்டிஷனை அடிச்சாச்சு, கையெழுத்துப் போட்டாச்சு. இவ்வளவு ரகளை பண்ணிட்டுக் குப்பையில போடவா? இனிமே காக்கா மேலயும் பழி போட முடியாது. ஸ்பூனைக் கழுவிட்டு, ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

சொன்னபடியே திரும்பிக்கொண்டார். எதிர் வீட்டு மாடியில் காய்கிற போர்வையைப் பார்த்தபடி, கல்யாணப் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார். இளவேனில் ஸ்பூனைக் கழுவினாள். அள்ளினாள். வாயில் வைத்தாள். பருப்பு வெண்ணெய்போல் கரைந்தது. கறி நாரு நாராகத்தான் வந்தது.

"எப்படி இருக்கு?" என்றார் அனந்தலக்ஷ்மி, முதுகைக் காட்டிக்கொண்டே.

"காரமே இல்ல ஆன்ட்டி."

"கையைப் பின்னால நீட்டறேன், பாட்டிலை வாங்கிக்கோ. ஊறுகாய் போட்டுக்கோ. ஊறுகாய் வெஜ்தான்."

அனுஷா பாட்டிலை வாங்கினாள். இருவரும் ஒரே ஸ்பூனுக்குச் சண்டை போட்டார்கள். கீழே மூன்றாவது பக்கெட் நிரம்பிக்கொண்டிருந்தது.

"திரும்பலாமா?" என்றார் அனந்தலக்ஷ்மி.

"இன்னும் ரெண்டு வாய் ஆன்ட்டி."